காய்ந்த தோள்

சித்திரை முதல் நாள். தூத்துக்குடித் துறைமுகச் சாலை டீக்கடையில் நிற்கிறேன். வெயில் கொளுத்துகிறது. இரண்டு மாதமாக இங்கே நிற்கும் சரக்குக் கப்பலின் பர்மிய மாலுமிகள் நாலு பேர், கடையில் வாங்கிய தண்ணீர்க் கேனைத் திறந்து ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிச் சிரிக்கிறார்கள்.

தலை நரைத்த கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, குடிக்கவே தண்ணி கெடைக்காத ஊருல என்னலே கூத்து இது?"

மாலுமிகளில் மூத்தவர் பதறி என்னிடம் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்கிறார். அவர்கள் நாட்டில் இது புத்தாண்டுத் திருநாளாம். பெரியவர்கள் தோளில் நீர் ஊற்றி ஆசி வாங்குவார்களாம். "இங்கே எங்களுக்குப் பெரியவர் என்று யாரும் இல்லை."

நான் அதைத் தமிழில் சொல்கிறேன். கடைக்காரர் தோள்துண்டை எடுத்துவிட்டு மூத்த மாலுமியின் முன் வந்து நிற்கிறார். மாலுமி ஒரு டம்ளர் நீரை இரு கையாலும் ஏந்தி, குனிந்து, அவர் வலத்தோளில் மெல்ல ஊற்றுகிறார். திட்டியவருக்கு இவ்வளவு நிதானமாக ஊற்றும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எங்களுக்கும் இன்னைக்குத்தான் வருசப்பொறப்பு," என்கிறார் கடைக்காரர். "அந்தப் பக்கத் தோளு காஞ்சு கெடக்கு. அதுலயும் ஊத்தச் சொல்லுங்க."