கேக் மனிதனின் கழுத்து

டென்மார்க்கின் எஸ்பியா நகரில் கணவன் யெஸ்பெர் கடைசியாக அடித்தபோது சிசெலின் கடைவாய்ப்பல் உடைந்து கழுவுதொட்டியில் விழுந்தது. அதற்காக அவள் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. பல் விழுவது அது முதல் தடவையல்ல. மகள் அல்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பல்லை எடுத்துக் கழுவி, அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, "அழாதம்மா, தம்பி எந்திரிச்சுடுவான்" என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் கிளம்பினாள்.

இரண்டு பை துணி. கூடவே பிறந்தநாள் கொடிக்கட்டு. சின்னவன் மால்தெ அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. பாதையோரம் நட்டு வைக்கும் சிவப்பு வெள்ளைக் கொடிகள். நல்ல நாள் ஒன்றில், படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை யெஸ்பெர் அவற்றின் குச்சிகளுக்குப் பூசியிருந்தான்.

தப்பி வந்த ஆர்ஹூஸ் நகரில் முதல் குளிர்காலம் முழுக்கத் திரைச்சீலை மூடியே கிடந்தது. யெஸ்பெர் அருகில் வரக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது, சொன்னதோடு சரி. உள்ளேயே அடைந்து கிடந்த மால்தெ சுவரில் தலையை முட்டிக்கொண்டான். ஒருநாள் அக்காவின் கையை ரத்தம் வரக் கடித்தான். கடித்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த முகத்தில் யெஸ்பெர் தெரிந்தான். இந்தப் பிள்ளையை வெளியே கொண்டுபோகாவிட்டால் இவனும் கைநழுவிப் போவான் என்று சிசெலுக்குத் தோன்றியது.

அவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஹென்னி மூத்தவள், வாய் நீளம்.

"லீவு நாள்ல எங்கடி போயிருந்த?"

"காட்டுக்கு. ஞாயித்துக்கிழமை புள்ளைங்களோட எங்க உக்காரலாம்னு பாத்துட்டு வந்தேன்."

"என்னத்தப் பாத்த?"

"வெளிய வர ரெண்டு வழி இருக்கணும். பஸ் பக்கத்துல இருக்கணும். நம்ம முதுகுக்குப் பின்னால பெரிய மரம் இருக்கணும். கூப்பிடு தூரத்துல இன்னொரு குடும்பம் அடுப்பு மூட்டிருக்கணும்."

"அடியே, நீ சாசேஜ் சுடப் போறியா, கோட்டை பிடிக்கப் போறியா?"

"கத்துனா யாராச்சும் ஓடி வரணும்ல, ஹென்னி."

ஹென்னி குனிந்து உருளைக்கிழங்கைச் சீவத் தொடங்கினாள்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி. அம்மா "மழை வருது" என்றால் எதையும் எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் ஆட்களிடம் ஓட வேண்டும். ஞாயிறுதோறும் போனார்கள். குச்சியில் மாவைச் சுற்றித் தணலில் சுட்டுத் தின்றார்கள். மால்தெ மரமேறினான், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான், சேறும் சகதியுமாக வீடு வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். கடிப்பதை மறந்தே போனான்.

காட்டு மரங்கள் இலைவிட்ட மே மாதத்தில் அவன் பிறந்தநாள் வந்தது.

"கொடி நடாம எப்படிம்மா? இன்னிக்கு என் பொறந்தநாள்னு மரத்துக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

பஸ் நிறுத்தத்திலிருந்து அடுப்புவரை அவனே நட்டான். வெயிலடித்த ஞாயிறு, காட்டில் அதுபோல இன்னும் நாலைந்து கொடி வரிசைகள் இருந்தன. இவற்றின் குச்சிகள் மட்டும் பச்சை என்பது சிசெலுக்கு நினைவில்லை.

மரத்துண்டின் மேல் ஆள் வடிவத்தில் சுட்ட கேக் மனிதன் மல்லாந்து படுத்திருந்தான். மிட்டாய்க் கண், மிட்டாய்ப் பித்தான். அந்த ஊர் வழக்கப்படி பிறந்தநாள் பிள்ளை முதலில் அவன் கழுத்தை அறுக்க வேண்டும். அறுக்கும்போது சுற்றி நிற்பவர்கள் உயிர் போவதுபோல் அலற வேண்டும்.

"நல்லா கத்தணும்," என்றான் மால்தெ, கத்தியைத் தடவியபடி. "போன தடவ அக்கா பூனை மாதிரி கத்துனா."

பாதையில் யெஸ்பெர் வந்தான். வரும் வழியில் ஒவ்வொரு கொடியாகப் பிடுங்கிக்கொண்டே வந்திருந்தான். பூச்செண்டுபோல அவை அவன் கைக்குள் இருந்தன.

"என் பெயிண்ட்டு," என்றான். "இன்னும் உரியல பாத்தியா?"

"மழை வருது," என்றாள் சிசெல்.

அவன் அண்ணாந்து பார்த்தான். துடைத்துவிட்டதுபோல் நீல வானம். அல்மா ஓடிவிட்டாள். மால்தெ ஓடவில்லை.

"அது என் கொடி. குடு."

யெஸ்பெர் அவன் பிடரியைப் பற்றித் தூக்கினான். சிசெல் அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

அடுத்த அடுப்பில் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. அவர்களும் சேர்ந்து அலறினார்கள். சந்தோஷமாக, நீளமாக, கைதட்டி. அவள் இன்னொரு தடவை கத்தினாள். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

முதல் குத்தில் அவள் தாடை விலகியது. இரண்டாவதில் பின்மண்டை மரத்தில் மோதியது. அவன் பிள்ளையை இழுத்துக்கொண்டு திரும்பியபோது, அவள் அடுப்புக்குள் வெறுங்கையை விட்டு எரியும் கட்டையை எடுத்து அவன் முழங்காலின் பின்னால் அறைந்தாள். மறுபடி தோளில், காதில். முடி கருகிய நாற்றம் எழுந்தது. அவன் விழுந்து, எழுந்து, விலாவில் உதைத்துச் சாய்த்து, முழங்காலை அவள் தொண்டையில் ஊன்றினான். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் சுருங்கிக்கொண்டு வந்தது. மால்தெ அப்பனின் மணிக்கட்டில் பல்லைப் பதித்துத் தொங்கினான். உதறியும் விடவில்லை.

அடுத்த அடுப்பில் தாடிக்காரர் ஒருவர், ஓடி வந்த அல்மாவைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பாப்பா, அறுத்தாச்சா? எங்களுக்கு ஒரு காலாவது அனுப்பச் சொல்லு!"

"கேக் மனுசன இன்னும் யாரும் வெட்டல," என்றாள் அல்மா.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். போலீஸ் வரும்வரை இருவர் யெஸ்பெர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கேக் மனிதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

யெஸ்பெர் சிறைக்குப் போனான். சிசெலின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வலது உள்ளங்கையின் ரேகைகள் வெந்து மழமழவென்று ஆகிவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மால்தெ கேட்டான்: "ஞாயித்துக்கிழமை போவோமாம்மா?" வாயைத் திறக்க முடியாமல் தலையை ஆட்டினாள். நடக்க முடிந்த முதல் ஞாயிறே போனார்கள்.

மறுவருடம் அதே காட்டில், மரங்களுக்கு அப்பாலிருந்து ஓர் அலறல் வந்தது. பிள்ளைகள் நிமிர்வதற்குள் சிசெல் எரியும் கட்டையோடு ஓடிக்கொண்டிருந்தாள். புதர்களைப் பிளந்துகொண்டு போய் நின்றாள். காகிதக் கிரீடம் வைத்த ஒரு சிறுமி, கையில் கத்தி; முன்னால் கழுத்தறுபட்ட கேக் மனிதன். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

சிறுமியின் அம்மாதான் மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு ஒரு துண்டு தரட்டுமாங்க?"

சிசெலுக்கு மூச்சு வாங்கியது. கட்டையைக் கீழே போடாமலே, இன்னொரு கையை நீட்டினாள்.