குணமாகாத ஆளைக் காட்டுங்க!

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தல்லாகுளத்தில் என் வீட்டுக் கதவைத் திறக்கிறேன் — வாசற்படிக்குக் கீழே ஒரு மனிதர் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்.

மயக்கமோ என்று பதறிப் போனேன். அவரோ முகத்தை மட்டும் திருப்பி, "ஒண்ணுமில்லய்யா... இடுப்புப் பிடிப்பு. ஒரு மிதி மிதிச்சிட்டீகன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். என் பாடு எனக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். ஊரில் எல்லோரும் தலை முதலில் வரப் பிறக்கிறார்கள். நான் காலை முன்னே நீட்டிக்கொண்டு பிறந்தவன். காலால் பிறந்தவன் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பத்திரிகையில் எழுதுகிறவன் ஆன பிறகாவது என்னை விட்டார்களா? அதுதான் இல்லை. அதிலும் சமீப காலமாகக் கூட்டம் தாங்கவில்லை. அதற்குக் காரணம் என் தங்கை பேச்சியம்மாள்.

பேச்சியைத் திருவாதவூரில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு முன்பு, அவள் மகன் தவழ ஆரம்பித்திருந்தான். நடவு சமயம். நாற்றுக்கட்டைத் தூக்கப் போனவளுக்கு இடுப்பில் மளுக்கென்றது. அதிலிருந்து இடது கால் முழுக்க வலி. உட்கார முடியாது, நிற்க முடியாது. பிள்ளையைத் தூக்கவே முடியாது. அவள் மாமியார், அதாவது எனக்கு அத்தை, ஆள் விட்டு அனுப்பினார்.

"தம்பி, உங்க காலு இருக்கையில அவ எதுக்குக் கெடந்து சீரழியணும்? ஒரு மிதி மிதிச்சிட்டுப் போங்க."

நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். குப்புறப் படுத்திருந்தவளின் இடது பாதத்தில் ஒரு நெருஞ்சி முள் ஏறி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

"என்னத்தா, முள்ளைக்கூட எடுக்காம வச்சிருக்க?"

"எந்த முள்ளுண்ணே?" என்றாள்.

முள் குத்தினால்கூடத் தெரியாத காலா? மடித்த வேட்டியை இறக்கிவிட்டேன். மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தைக்கு வந்ததே கோபம்! "ஊரான் முதுகுன்னா ஓடி ஓடி மிதிக்கிறாக. கூடப் பெறந்தவளுக்குன்னா அம்புட்டுக் கிராக்கியா?"

ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு, பேச்சியை மதுரைக்கு அழைத்து வந்தேன். யுத்தத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஊசியால் காலைக் குத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒன்று உண்டாம். டிஸ்க் என்று பேர். அது பிதுங்கிக்கொண்டு, காலுக்குப் போகிற நரம்பை நசுக்குகிறதாம்.

"படுத்தே இருந்தால் வலி குறையலாம். ஆனால் கால் மரத்துக்கொண்டே வருகிறதே... அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் செய்து அந்தத் துண்டை எடுக்கலாம். புது மாதிரி ஆபரேஷன்" என்றார்.

முதுகில் கத்தியா? பேச்சியின் புருஷன் முத்துக்கருப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "செஞ்சா சரியாயிரும்ல டாக்டரய்யா?" என்றார்.

நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி. யோசித்துப் பார்த்தால் அது கேள்வியே இல்லை. 'ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன்' என்கிற கெஞ்சல்.

பேச்சி கெஞ்சவில்லை. படுத்தபடியே கேட்டாள்: "இதை எத்தன பேருக்குச் செஞ்சிருக்கீக?"

"இதே மாதிரி நாலு பேருக்கு, அம்மா. மூணு பேர் நன்றாக நடக்கிறார்கள்."

"அந்த நாலாவது ஆளு?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்குக் கால் வரவில்லை. இழுத்துத்தான் நடக்கிறார். விளாங்குடியில் இருக்கிறார்."

"நான் அவரைத்தான் பாக்கணும்."

"அடியே, நல்லா ஆன மூணு பேரை விட்டுட்டு அவரை எதுக்குடி?" என்று மாப்பிள்ளை பதறினார்.

"பொண்ணு எடுக்கப் போனா பக்கத்து வீட்டுல விசாரிக்கிறோம். மாடு பிடிக்கப் போனா முந்தி வச்சிருந்தவன்கிட்டக் கேக்குறோம். என் முதுகை மட்டும் யாரையும் கேக்காமக் குடுத்துரணுமா?"

வேறொரு டாக்டராக இருந்தால் எரிந்து விழுந்திருப்பார். இவர் காகிதத்தில் வழி எழுதிக் கொடுத்தார். அந்த இடத்திலேயே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதில் பேச்சியைப் படுக்க வைத்து விளாங்குடிக்குப் போனோம். அந்த மனிதர் பெயர் சங்கிலி. முன்பு மூட்டை தூக்கியவர். கம்பை ஊன்றி, காலை இழுத்து இழுத்து வந்து, வண்டியின் பக்கவாட்டு முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறைக்காமச் சொல்லுங்கண்ணே. திரும்ப ஒருக்கா ஆபரேசனுக்குக் கேட்டா, படுப்பீகளா?"

அவர் குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்தார்.

"படுப்பேன் தாயி. காலு வரல, ஆனா வலி போச்சு. இப்பத்தான் மனுசனாத் தூங்குறேன். பயந்து பயந்து ஒரு வருசம் போட்டு வச்சேன்... அதுக்குள்ள காலு செத்துப் போச்சு. முந்தியே போயிருந்தா வந்திருக்குமோ என்னமோ. உறுதியாச் சொல்ல மாட்டேன். உனக்குப் பயமா இருக்கா?"

"பயந்தாண்ணே. ஆனா புள்ள தவந்துக்கிட்டே கெணத்துப் பக்கம் போறான். படுத்த எடத்துலருந்து கத்தத்தான் முடியுது. எந்திரிச்சு ஓட முடியலையே."

வீடு வந்ததும், "டாக்டர்கிட்ட நாள் கேட்டுட்டு வாண்ணே" என்றாள்.

ஆபரேஷன் அன்று காலை, ஸ்டிரெச்சரில் படுத்தபடி என்னைக் கூப்பிட்டாள். "நீ மிதிக்கலன்னு அத்தை அன்னம் தண்ணி தொடாம உக்காந்திருக்காக. நீ கால் பெருவிரலால லேசாத் தொட்டுரு. அவுகளாச்சும் சாப்பிடட்டும்."

அந்த நேரத்திலும் மாமியார் பசி அவளுக்கு ஞாபகம் இருக்கிறது! குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வந்து, நர்ஸம்மா "என்ன சார் இது!" என்று அதட்ட அதட்ட, போர்வை மேல் பட்டும் படாமலும் தொட்டேன். அத்தை அப்புறம்தான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். கதவு மூடியதும் நான் வராந்தாவில் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

கால் பிழைத்தது. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இப்போது மகன் சுவரைப் பிடித்து நடக்கப் பழகுகிறான். ஆத்தாளும் அதே சுவரைப் பிடித்து நடக்கிறாள். அவனைத் தூக்க இன்னும் உத்தரவு இல்லை. ஆனால் அவன் கிணற்றுப் பக்கம் திரும்பினால், எட்டிச் சட்டையைப் பிடித்துவிடுகிறாள்.

அத்தையோ ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார் — என் பெருவிரல் பட்டதில்தான் பேச்சி எழுந்தாள் என்று! அதன் பலன்தான் வாசலில் குப்புறக் கிடந்த மனிதர். அவரை எழுப்பி, காலைத் தடவி, உணர்ச்சி இருக்கிறதா என்று விசாரித்து, டாக்டர் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினேன். மிதிக்காத கோபத்தோடு போனார்.

மறுநாளே திருவாதவூர் போய்ப் பேச்சியிடம் பொரிந்து தள்ளினேன். "அறுத்தது டாக்டர். உண்மையைச் சொன்னது சங்கிலி. துணிஞ்சது நீ. ஊர்ல பேரு மட்டும் என் காலுக்கா?"

சுவரை விட்டுவிட்டு, மகன் பின்னால் நாலெட்டு வைத்தவள் திரும்பிச் சிரித்தாள்.

"பேரு உன் காலுக்கே இருக்கட்டும்ணே. நடக்குறது என் காலுதானே!"