வீடு பூட்டியிருந்தால்

கணக்கெடுப்புப் படிவத்தோடு தட்டச்சு செய்த ஒரு பக்கக் குறிப்பும் தந்திருந்தார்கள். அதில் ஐந்தாவது: வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டை எடுத்துக்கொள்ளவும். எம்.ஏ. சமூகவியல் முதலாண்டில் எத்தனையோ படித்தேன். இந்த ஒரு வரி மட்டும் அச்சுப் பிசகாமல் நினைவில் இருக்கிறது.

கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் காங்கேயத்துக்கு அந்தப் பக்கம். வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தவர்கள் யாரும் இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இருந்ததில்லை, பெருமைதான். ஊருக்குப் போகும்போது பேருந்தில் தடித்த புத்தகத்தை அட்டை தெரியும்படி மடியில் வைத்துக்கொள்வேன். ஆனால் விடுதியில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் "விவசாயம்" என்பேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் தோட்டம், கிணறு, மாடு எல்லாம் மனதில் வந்துவிடும். கேட்டவர்களுக்கும் வந்தது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

களப்பணிக்கு அன்னூரைத் தாண்டி ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். பள்ளி விடுமுறை என்பதால் வகுப்பறைகளில் தங்கினோம். ஊரின் வீட்டுப் பட்டியலிலிருந்து எண் அட்டவணையை வைத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டு பேராக அனுப்பினார்கள். தேர்வான வீட்டுக் கதவில் சாக்பீஸால் எண் போட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் எண்ணின் மேல் ஒரு பெருக்கல் குறி. என்னோடு வந்தவள் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டுப் பெண். விடுதியில் என் அறைத் தோழியும் அவள்தான்.

எங்களுக்கு ஊர் ஓரத்துக் காலனியைக் கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்குப் போனோம். முதல் வீடு பூட்டு. அடுத்தது பூட்டு. அதற்கடுத்ததும்.

"ஏம்புள்ள, ஊரே சேந்து சினிமாவுக்குப் போயிருச்சா?" என்றாள் அவள்.

நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். சாக்பீஸ் என் கையில் இருந்தது. பெருக்கல் குறிகளைப் போட்டது நான்தான்.

அடுத்த வீடு, அடுத்த வீடு என்று குறிப்பின்படியே நடந்ததில் காலனியைத் தாண்டிப் பெரிய வீதிக்கு வந்துவிட்டோம். அங்கே எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள். ஓர் அம்மா என் படிவத்தை எட்டிப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்குதே கண்ணு, எந்தூருங்க உங்களுக்கு?" என்றார். சொன்னேன். "அங்க எங்க சொந்தம் நெறைய இருக்குதுங்க" என்றவர் யார் வீடு என்று கேட்பதற்குள் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டுக்குள் நான் போனதில்லை. இரண்டு நாள் வேலையை ஒன்றரை நாளில் முடித்துவிட்டோம்.

இரண்டாம் நாள் மாலை எல்லாப் படிவங்களையும் சேர்த்து எண்ணினோம். மேசையில் பெரிய தாளை விரித்து நான் கோடு போட, தோழி ஒவ்வொரு படிவமாகப் படித்தாள். தொழில் என்ற தலைப்பின் கீழ் விவசாயத்துக்கு ஒரு கட்டம், விவசாயக் கூலிக்கு ஒரு கட்டம். முதல் கட்டம் நிரம்பி ஓரத்தில் வழிந்தது. இரண்டாவதில் நான்கே கோடு. எங்களைப் போலவேதான் மற்றவர்களும் செய்திருந்தார்கள்.

அந்த நான்கு கோட்டைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டுச் சாவி நினைவுக்கு வந்தது. அம்மாவும் அப்பாவும் ஏழரைக்குக் களைவெட்டுக்குக் கிளம்பினால் திரும்ப ஆறாகும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து திறக்க, சாவியைக் கயிற்றில் கோத்து அம்மா என் கழுத்தில் மாட்டிவிடுவாள். பத்து மணிக்கு யாராவது எங்கள் கதவைத் தட்டியிருந்தால் எங்களையும் ஊரில் இல்லாதவர்களாகத்தான் எழுதியிருப்பார்கள்.

ஆசிரியர் தாளைப் பார்த்து, "சீக்கிரமே முடிச்சுட்டீங்களே, பரவால்ல. நாளைக்கு ஒம்பது மணிக்கு பஸ்" என்றார். பையன்கள் கைதட்டினார்கள். மதியக் காட்சிக்கு நகரத்தில் எந்தப் படம் என்று பேச்சு தொடங்கிவிட்டது.

சொன்னால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எட்டு மாதம் காப்பாற்றி வைத்தது ஒரே நிமிடத்தில் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தத் தாள் இப்படியே அறிக்கையாகும். கீழே என் பெயரும் இருக்கும்.

"சார், கூலிக்காரங்க கணக்குல வரவே இல்லைங்க சார்" என்றேன்.

"பூட்டுன ஊட்ல யாரைம்மா கேக்கறது? பூட்டையா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆள் இருக்காங்க சார். நாம போற நேரத்துல காட்டு வேலையில இருப்பாங்க."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றே?"

"எங்கூட்லயும் பகல்ல பூட்டுத்தாங்க சார். அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போறவங்க."

எந்தத் தெரு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தோழி கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியருக்கு எரிச்சல்தான். இன்னொரு நாள் தங்க அனுமதி இல்லை, சாப்பாட்டுக்கும் ஏற்பாடு இல்லை. தாளை மறுபடி பார்த்துவிட்டு, "எப்பப் போனா கிடைப்பாங்க?" என்றார்.

"காலைல ஆறு மணிக்கு, பைப்படியில."

"பஸ் ஒம்பதுக்குத்தான். அதுக்குள்ள முடியறதைச் செய்யுங்க. வரவங்க வரட்டும்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். நான்கு பேர் வந்தார்கள். தோழியும் வந்தாள். பாதி வழியில், "உங்க தோட்டம் எத்தனை ஏக்கருன்னு ரெண்டு வாட்டி கேட்டேன். ரெண்டு வாட்டியும் சிரிச்சே" என்றாள்.

"என்ன சொல்றதுன்னு தெரியல."

"நான்கூட நெறைய இருக்கும் போல, அதான் சொல்ல மாட்டீங்கறான்னு நெனச்சுப்போட்டேன்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை.

பைப்படியில் குடங்கள் வரிசையாக நின்றன. எங்களைக் கண்டதும் எல்லாரும் திரும்பினார்கள். முன்னால் நின்ற பெண் இடுப்பில் கைவைத்து, "ஏனுங் அம்மணி, கதவுல நெம்பர் போட்டது நீங்கதானுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"ரேசன் கார்டுக்குன்னு சொன்னா இவ. கரண்டு குடுக்கறாங்கன்னு சொன்னா அவ. அப்புறம் பாத்தா அது மேல வெட்டு வேற போட்டிருக்குது. நம்மளத் தள்ளிப்போட்டாங்கடின்னு பேசிக்கிட்டோமுங்க."

"அதையும் நான்தாங்க போட்டேன். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. அதான் இப்ப வந்தோம்."

"எழுதுனா என்னங்க தருவீங்க?"

"ஒண்ணும் தர மாட்டோமுங்க. படிப்புக்காக எழுதறோம்."

"நல்லாப் படிக்கறீங்க போங்க" என்றாள் பின்னால் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. முன்னால் நின்றவள் சிரிக்கவில்லை. "எங்களக் கேக்கறது இருக்கட்டும். உங்கப்பாரு என்ன பண்றாருங்க?"

இந்தக் கேள்விக்கு எட்டு மாதமாக ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். "கூலிக்குத்தாங்க போறாரு. அம்மாவுந்தான். காங்கேயத்துக்கு அக்கட்ட" என்றேன்.

அவள் என் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தாள். "அப்புறம் என்னத்துக்குக் கண்ணு தள்ளி நின்னுக்கிட்டிருக்கறே? ஏழரைக்கு மஞ்சக்காட்டுல இருக்கோணும். இந்தக் கொடத்தப் புடி, தண்ணி புடிச்சுக்கிட்டே சொல்றேன்."

நான் குடத்தைப் பிடித்தேன். கேள்விகள் எனக்கு மனப்பாடம் என்பதால் நான் கேட்கக் கேட்கத் தோழி எழுதினாள். தண்ணீர் தெறித்துப் படிவங்கள் நனைந்தன. ஏழேகாலுக்கு எல்லாரும் கலைந்துவிட்டார்கள். பதினொரு வீடுதான் முடிந்தது. போகும் வழியில் என் முந்தானையாலேயே கதவுகளின் பெருக்கல் குறிகளை அழித்துக்கொண்டு போனேன்.

பேருந்தில் ஓட்டுநர் பக்கத்தில் இருந்த எஞ்சின் மூடி சூடாக இருந்தது. ஈரப் படிவங்களை அதன்மேல் பரப்பினோம்.

"ஏம்மா, அப்பளமா காய வெக்கறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"பதினொரு ஊடுங்க அண்ணா" என்றாள் தோழி.

அவர் புரியாமல் திரும்பிக்கொண்டார். அன்னூரில் வண்டி நின்றபோது அவள் ஈரம் போகாத படிவங்களைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "எங்கூட்ல பூட்டே கெடையாது புள்ள. எப்பவும் ஆராச்சும் இருப்பாங்க. இதுவரைக்கும் அதைப் பத்தி யோசிச்சதே இல்ல" என்றாள்.

நான் பெரிய தாளை மடியில் விரித்தேன். காய்ந்த படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் படித்தாள். இரண்டாவது கட்டத்தில், நான்கு கோட்டுக்குப் பக்கத்தில், வண்டி ஆடாத நேரமாகப் பார்த்து ஒவ்வொரு கோடாகப் போட்டேன்.