வரிப்பத்தான்சேனையில் நாங்கள் வாங்காத வீடு

சில வருடங்களுக்கு முன் சாய்ந்தமருதில் வாடகைக்கு இருந்தபோது, வரிப்பத்தான்சேனையில் ஒரு பழைய கல்வீடு மலிவாக வருகிறது என்று தரகர் சொன்னார். கணவருடன் பார்க்கப் போனேன். கூரை ஒழுகிய அடையாளம் இருந்தது. ஆனால் குசினி ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய வரை வயல். அடுப்பை எங்கே வைப்பது என்றுகூட மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டை விற்க வந்த இளைஞர் அன்றே முற்பணம் கேட்டார். கணவரும் சம்மதித்தார்.

கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு அப்பால் நின்ற பெண் கேட்டார்: "தங்கச்சி, ஊட்டுக்காரி வந்திட்டாவா?"

"ஆரு?"

"இது அந்தத் தம்பிட ராத்தாக்குக் குடுத்த சீதன ஊடு. அவ குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்கா. விக்கிற கதை அவக்குத் தெரியுமா?"

ஓடிப்போய்க் கணவரின் கையைப் பிடித்தேன். "இஞ்சாருங்க, வேணாம். வாங்க போவம்."

அது அவருடைய அக்காவின் வீடாமே என்று நான் சொன்னதும் அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வருடம் அவ்வழியே பஸ்ஸில் போனேன். முற்றத்துக் கொடியில் பெண்களின் உடுப்புகள் காய்ந்தன. வீட்டுக்காரி வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனாலும் கண் அந்த ஜன்னலைத் தேடியது.

இன்னும் நாங்கள் வீடு தேடுகிறோம். எங்கே போனாலும், உள்ளே நுழையுமுன் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பேச்சுக் கொடுக்கிறேன். குசினியைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.