நம்பர் கொடுக்கும் சித்தி றலியா

“எல்லாருக்கும் மொத நம்பர்தான் வேணும். அப்ப ரெண்டாம் நம்பர நானா எடுத்துக்கிற?”

கம்பளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள டிஸ்பென்சரியில் பதினாறு வருடமாக நம்பர் துண்டு கொடுக்கும் சித்தி றலியா இதைச் சொல்லாத மாலையே இல்லை. அவருக்கு மூன்று குரல்கள். தொலைபேசிக்கு வானொலி அறிவிப்பாளர், டொக்டருக்குச் சீனிப்பாகு, நமக்கு மிளகாய்த்தூள். மருத்துவம் படித்தவரல்லர். ஆனால் யார் கதிரையில் காத்திருக்கலாம், யார் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும் என்பதை டொக்டர் வருமுன்பே தீர்மானித்துவிடுவார்.

போன மாசியில் ஒருநாள், புசல்லாவை வீதித் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த ராக்கம்மாவைக் குளவி கொட்டியது. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதைவிட இங்கே ஓர் ஊசியோடு வீடு போகலாம் என்று மகன் யுகேஷ் பஸ்ஸில் கூட்டிவந்தான். நம்பர் பன்னிரண்டு. டொக்டர் வர அரை மணித்தியாலம் இருந்தது.

“நாலு கொட்டுதாங்க. எப்பவும் கொட்டுறதுதான்” என்றார் ராக்கம்மா, பெயர் பதியும்போது.

சற்றுப் பொறுத்து, “கொஞ்சம் தண்ணி இருக்குங்களா?” என்று கேட்டார்.

சித்தி றலியாவின் பேனை நின்றது. பெயர் சொன்ன குரலல்ல இது. கரகரத்து, பாதி அடைபட்ட குழாயில் வருவதுபோல் வந்தது. ராக்கம்மாவின் கையிலிருந்த நம்பர் துண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

“இங்க இருக்க ஏலாது. அவசரப் பிரிவுக்குப் போங்க. இப்பவே.”

யுகேஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இத்தன பேரு உக்காந்திருக்காங்க, எங்கள மட்டும் வெரட்டுறீங்க. தோட்டத்து ஆளுங்கன்னா எளக்காரமா?”

“ஏசுங்க தம்பி, நல்லா ஏசுங்க. ஆட்டோல ஏறிட்டு ஏசுங்க. அம்மாட தொண்ட வீங்குது. அதுக்கு மருந்தும் ஒட்சிசனும் அங்கதான் ஈக்கிது.”

மேசையை அப்படியே விட்டு வீதிக்கு ஓடி, தானே ஆட்டோவை மறித்தார். பின்னால் வரிசை சத்தம்போட்டது. அவர் திரும்பவேயில்லை.

ஐந்தாம் நாள் யுகேஷ் தாயோடு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ராக்கம்மாவுக்குப் பேச்சே வரவில்லையாம். உள்ளே எடுத்ததும் ஊசி போட்டு, இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்களாம்.

“அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்க்கா” என்று காலில் விழக் குனிந்தான்.

“எழும்புங்க தம்பி, வழிய மறிக்காம. ஒங்கட பேச்ச நான் அன்டைக்கே வயிறு நெறயக் கேட்ட. இப்ப அம்மாவப் பேசச் செல்லுங்க. ஒங்களுக்கு நல்லா ஒரு ஏச்சு ஏசட்டும், கொரல் சரியா வருதான்டு நான் பாக்கணும்.”