ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்த சைக்கிள்

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் பாதிப் பேர் சைக்கிள்காரர் ஆனோம். வரிசை ஒழிந்த பிறகும் நாங்கள் ஏழெட்டுப் பேர் விடவில்லை. ஞாயிறு காலையில் மரைன் டிரைவில் கூடி, காலி முகத்திடல் வரை சைக்கிள் ஓடி, பால் விடாத பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புவோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டிய உத்தியோகக்காரர், தொப்பைக்காரர்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது புதுச் சைக்கிளோடு வந்தால், மேல் சட்டத்துக்குக் கீழே ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்போம். எவ்வளவு பாரம் குறைவோ அவ்வளவு மரியாதை. அலுமினியத்துக்கு ஒரு தலையாட்டல் கிடைக்கும். காபன் இழைச் சட்டம் என்றால், தூக்கியவர் விரலை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் நிற்பார். இரும்பை யாரும் தொடுவதே இல்லை. சட்டத்தில் ஒரு கிலோ குறைக்க லட்சக்கணக்கில் கொடுத்த எங்களில் ஒருவருக்கும், வயிற்றில் ஒரு கிலோவை இலவசமாகக் குறைக்கத் தோன்றவில்லை.

முதலில் அலுமினியம் ஓடிய நானும் கடைசியில் காபன் வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன். கடையில் இரண்டும் ஒரே கறுப்புப் பூச்சோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது எனக்கு எது எதென்று தெரியவில்லை. விலையைச் சொன்ன பிறகுதான் ஒன்று அழகாகத் தெரிந்தது.

அந்த விலை என் அண்ணையின் ஒரு வருடச் சம்பளம். அண்ணை கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் பார்த்தார். என்னைவிட ஒன்பது வயது மூப்பு. அப்பா போன பிறகு தன் படிப்பை விட்டுவிட்டு என்னைப் படிப்பித்தவர். கரியரும் மட்கார்டும் வைத்த இரும்புச் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். பெற்றோல் வரிசைக்கு முன்னும் அதுதான், பின்னும் அதுதான்.

நான் ஞாயிறுகளில் ஓடுவதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் காலி முகத்திடலில் எங்களுக்கு முன்னரே வந்து நின்றார். சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கால்சட்டைக் கரையை ரப்பர் பாண்டால் கட்டியிருந்தார். எங்களில் ஒருவர் பகிடிக்கு விரலைக் கொடுத்துப் பார்த்தார். சைக்கிள் அசையவில்லை.

"இதென்ன ஐயா, சைக்கிளோ, வீட்டுக் கேற்றோ?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணையும் சிரித்தார். இவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புறப்படும் நேரம் அண்ணை என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, வாற ஞாயிறு நானும் உங்களோட ஓடட்டோ? நீயும் நானும் சேர்ந்து ஓடி எவ்வளவு காலம்."

"உங்கட சைக்கிள் ஈடு குடுக்காது அண்ணை. எல்லாரும் உங்களுக்காக நிண்டு நிண்டு போகவேண்டி வரும்."

"ஓமோம், அதுவும் சரிதான்," என்றார். பிறகு அவர் கேட்கவேயில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஸ்டோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. என் ஞாயிற்றுக் கூட்டாளிகள் போனில் துக்கம் விசாரித்தார்கள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு அண்ணி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து தந்தார். "விக்க மனம் வரேல்லை தம்பி. நீங்கள் ஓடுவியள்தானே."

கொட்டாஞ்சேனையிலிருந்து வீட்டுக்கு ஓடி வரும்போதே எனக்கு விளங்கத் தொடங்கியது. அலுமினியத்தில் ஒவ்வொரு குழியும் மணிக்கட்டில் வந்து இடிக்கும். இரும்பு தானும் கொஞ்சம் வளைந்து கொடுத்து ஆளை நோகாமல் ஏற்றிவிடுகிறது. காபனில் வெடிப்பு விழுந்தால் அநேகமாக எறியத்தான் வேண்டும். இதன் சட்டத்திலோ மூன்று இடத்தில் ஒட்டு வைத்த தழும்பு இருந்தது. அத்தனை வருடமும் அதில்தான் ஓடியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அதில்தான் போனேன். பிந்த வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். பிந்தினால் நான் அண்ணையிடம் சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். பம்பலப்பிட்டி வந்தது, கூடவே இருந்தேன். கொள்ளுப்பிட்டியில் எதிர்க்காற்று. காபன்காரர் இரண்டு பேர் எனக்குப் பின்னால் மூச்சு வாங்கினார்கள். பாதி நேரம் கதைத்துக்கொண்டு ஓடுகிற எங்கள் வேகம் அவ்வளவுதான். காலி முகத்திடலில் எல்லோரும் ஒன்றாகவே இறங்கினோம். எனக்காக ஒருவரும் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

அன்று கேற் என்றவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது அண்டைக்கு அந்த ஐயா கொண்டுவந்ததெல்லே? அவரிட்டயோ வாங்கினீங்கள்?"

"அவர்தான் என்ர அண்ணை. போன மாசம் போனவர்."

அவர் பிளேன்ரீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. அவரையும் சேர்த்திருப்பமே," என்றார்.

திரும்பும்போது நான் பிந்திவிட்டேன். எல்லோரும் பம்பலப்பிட்டியில் எனக்காகக் காத்து நின்றார்கள். சைக்கிளில் ஒரு குறையும் இல்லை.