ஊருக்கு ஒரு சிப்

சிப்பைக் காற்சட்டைப் பைக்குள் பொத்திப் பிடித்தபடி, காசினோவை விட்டு மெட்ரோவை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம். உருகிய பனி சப்பாத்துக்குள் இறங்கியது. சூது மேசையில் காசுக்குப் பதிலாக வைக்கும் வட்டத் துண்டு அந்தச் சிப், இருந்ததிலேயே மலிவானது. அண்ணைக்காக வாங்கினேன்.

அவர் கூடப்பிறந்தவர் அல்ல. நாலு வருடம் ஒரே லொறியில் மாறி மாறி ஓட்டினோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்று நாடுகளில் கோப்பை கழுவி, இங்கே மொன்றியலில் லைசென்ஸ் எடுத்தவன் நான். ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் லொறியையும் விட்டிருந்தேன். அண்ணை ஒரு காலத்தில் சூதாடி வீட்டை இழந்தவர். இந்த மாகாணத்துக் காசினோக்களில் தன்னை உள்ளே விடவேண்டாம் என்று தானே கையெழுத்து வைத்தவர். ஆனால் வெளியே சரக்கு கொண்டுபோகும் ஊர்களில் காசினோ கண்டால் நிறுத்துவார். ஊருக்கு ஒரு சிப். மேசைக்குப் போகாமல் காசாளரிடம் வாங்கவேண்டும். புதியது தந்தால் மாற்றி, விளிம்பு தேய்ந்ததைக் கேட்கவேண்டும். சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. உரசாமல் ஒவ்வொன்றையும் தனிக் காலுறையில் சுற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே ஜாக்கெட்டைக் கழற்றக்கூடாது. “கழட்டிக் குடுத்தியெண்டால் இருந்திடுவாய். போட்டுக்கொண்டு நிண்டால் வேர்க்கும், வெளியில வந்திடுவாய்,” என்பார். அப்படி முப்பத்தொரு ஊர் சேர்ந்திருந்தது. அவர் நுழைய முடியாத மொன்றியல் மட்டும் இல்லை. அதுவும் கிடைத்தால் இனி எந்தக் காசினோ வாசலும் மிதிப்பதில்லை என்று அண்ணிக்குச் சொல்லியிருந்தார்.

பார்க் எக்ஸ்டென்ஷனில், அண்ணையின் மூன்றாம் மாடி வீட்டில், சிப்பை மேசையில் வைத்தேன். அண்ணை அதைத் தொடவில்லை. உள்ளே இப்போது எப்படி என்று கேட்டார். நான் சொன்னேன். பச்சைத் துணி, சக்கரம் ஓயும் சத்தம், நாற்காலியை விட்டு எழும்பாத சனம். எனக்குக் கதை சொல்ல வரும். அன்றைக்கு அதுதான் பிழை. தேத்தண்ணியோடு வந்த அண்ணி அசையாமல் என்னையே பார்த்தபோதுதான் நிறுத்தினேன். அதற்குள் அண்ணை கார்த் திறப்பை எடுத்துவிட்டார்.

“டெபனர் கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வாறன்.”

“பால் கிடக்கப்பா,” என்றார் அண்ணி.

அவர் படியிறங்கிய பிறகுதான் கண்டேன், ஜாக்கெட் கொழுக்கியில் தொங்கியது. தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். கார் போய்விட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்து, மொன்றியல் தீவின் மேற்கு முனையான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து போன் எடுத்தார். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் அடுத்த மாகாணம். அவருடைய கையெழுத்துச் செல்லாத இடம். “ஒரு சிப்பை எடுத்துக்கொண்டு வந்திடுவன். அவளுக்குச் சொல்லு.” ஜாக்கெட்டை விட்டுவிட்டீர்கள் என்றேன். “காருக்குள்ள சூடாத்தான் கிடக்கு,” என்றார்.

அண்ணியிடம் சொன்னேன். அவர் சிப்பை எடுத்து ஜாக்கெட் பைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார். “இது இஞ்ச வேண்டாம் தம்பி. கண்டால் குடுங்கோ.”

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இன்னும் காணவில்லை. ஜாக்கெட்டும் சிப்பும் இப்போதும் என்னிடம்தான் இருக்கின்றன. அவர் போன மறுநாள் காலையே லொறிக் கம்பனியிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணை வேலைக்கு வரவில்லை, அவருடைய வண்டியை ஓட்டுவாயா என்று. ஓம் என்றேன். அவருடைய ஆசனத்தை என் காலுக்கு எட்டும்படி முன்னால் இழுத்து, சிப் கிடந்த ஜாக்கெட்டைப் பின்னால் கொழுவிவிட்டு, வண்டியை எடுத்தேன்.